1978-ல் நின்னுபோன வண்டிக்குப் பாகம் கிடைக்குது. ஆஸ்பத்திரி மெஷினுக்கு ஏன் கிடைக்கல?

1/
உற்பத்தி நின்னு 45 வருஷத்துக்கு மேல ஆன ஒரு வண்டி இன்னிக்கும் அமெரிக்க நெடுஞ்சாலையில ஓடிட்டு இருக்கு. ஆனா பத்து வருஷம் முன்னாடி வாங்கின மருத்துவ மெஷின், கையளவு பாகம் ஒண்ணு கிடைக்காம துணி போர்த்தி மூலையில நிக்குது. ஏன் இப்படி? அதைப் பத்திதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம் மக்களே, பொறுமையா படிங்க.

2/
வண்டி பேரு ஜிஎம்சி மோட்டார்ஹோம். சினிமா ஷூட்டிங் கேரவன் பார்த்திருப்பீங்க இல்லையா? அந்த மாதிரி உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கும். ஆனா இது குடும்பமே ஏறி உட்கார்ந்து ஊர் சுத்துற வண்டி. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1973 முதல் 1978 வரை மட்டும் செஞ்சுது. மொத்தமே கிட்டத்தட்ட 13,000 வண்டிதான்.

3/
அந்தக் காலத்துக்கு இது வித்தியாசமான வண்டி. எஞ்சின் முன்னாடி, இழுக்கிற சக்கரமும் முன்னாடி. பின்பக்கம் போற நீள ஷாஃப்ட் கிடையாது. அதனால தரை ரொம்பத் தாழ்வா இருக்கும், வயசானவங்களும் சுலபமா ஏறலாம். பின்னாடி ஒரு பக்கத்துக்கு ரெண்டு சக்கரம், அதுக்கு ஸ்பிரிங் பட்டைக்குப் பதிலா காற்றுப் பை. உடம்பு அலுமினியமும் ஃபைபர் கிளாஸும்.

4/
உள்ளே எதுவும் பொருத்தாம வெறும் கூடாகவும் இதை வித்தாங்க. ஆம்புலன்ஸ், ரத்த தான வண்டி, நடமாடும் மருத்துவமனைன்னு அவங்கவங்க தேவைக்கு மாத்திக்கிட்டாங்க. 1981-ல் வந்த ‘ஸ்ட்ரைப்ஸ்’ங்கிற ஹாலிவுட் படத்துல ராணுவ வண்டியா வேஷம் கட்டினதும் இதுதான்.

5/
1978-ல் கம்பெனி கடையை மூடிடுச்சு. ரப்பர் வெடிக்கும், காற்றுப் பை ஓட்டையாகும், பேரிங் தேயும், கண்ணாடி உடையும். 13,000 வண்டிக்காக எந்தப் பெரிய கம்பெனியும் பாகம் செஞ்சுட்டு இருக்காது. நியாயமா பார்த்தா 1990-க்குள்ள எல்லாம் காயலான் கடைக்குப் போயிருக்கணும். போகல. அஞ்சு காரணம் சொல்றேன்.

6/
காரணம் ஒன்று: பொதுப் பாகங்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் இந்த வண்டிக்குன்னே செஞ்சது இல்ல. அதே கம்பெனியோட ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ கார்ல இருந்து எடுத்தது. மோட்டார்ஹோம் 13,000-னா அந்தக் கார் லட்சக்கணக்குல ஓடுச்சு. அதனால வண்டி அபூர்வமா இருந்தாலும் அதோட இதயம் அபூர்வம் இல்ல.

7/
காரணம் இரண்டு: புத்தகம். ஒவ்வொரு நட்டையும் எப்படிக் கழட்டணும், எவ்வளவு இறுக்கணும், எந்தப் பாகத்துக்கு என்ன எண், எல்லாம் போட்ட பராமரிப்புப் புத்தகத்தைக் கம்பெனியே அச்சடிச்சுக் கொடுத்துச்சு. வண்டி வாங்கினவர் கையிலயும் இருக்கலாம், தெருமுனை மெக்கானிக் கையிலயும் இருக்கலாம். யாரும் ரகசியம்னு சொல்லல.

8/
காரணம் மூன்று: பூட்டு இல்ல. புது பேரிங் போட்டா வண்டி “இது நம்ம கம்பெனி பேரிங்தானா?”ன்னு கேக்காது. பாஸ்வேர்டு கேக்காது. அளவு சரியா இருந்தா உள்ளே போகும், ஓடும்.

9/
காரணம் நான்கு: உரிமையாளர்கள் ஒண்ணு சேர்ந்தாங்க. “பழைய எண் இது, இன்னிக்குக் கடையில கிடைக்கிற எண் இது”ன்னு பட்டியல் போட்டு வெச்சிருக்காங்க. ஓடாத வண்டியைக் கழட்டி, ஓடுற பத்து வண்டிக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. தேவை இருக்குன்னு தெரிஞ்சதும் சின்னப் பட்டறைகள் சில பாகங்களைப் புதுசாவே செய்ய ஆரம்பிச்சது. நம்ம புதுப்பேட்டைக்காரங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதே இல்ல.

10/
காரணம் ஐந்து: மாத்திப் பொருத்துற தைரியம். இந்த வண்டிக்கு 16.5 அங்குல சக்கரம். அந்த அளவு டயர் சந்தையில அருகிப் போச்சு. நிறைய பேர் 16 அங்குல ரிம்முக்கு மாறிட்டாங்க, அதுக்குத் தரமான டயர் தாராளமா கிடைக்குது. “அசல் அப்படியே வேணும்”னு அடம்பிடிச்சிருந்தா வண்டி நின்னிருக்கும்.

11/
இப்ப ஆஸ்பத்திரிக்கு வாங்க. இந்த அஞ்சையும் ஒவ்வொண்ணா வெச்சுப் பாருங்க. வென்டிலேட்டர், மல்டிபாரா மானிட்டர், சிரிஞ்ச் பம்ப், பச்சைக் குழந்தைகளுக்கான வார்மர். இதுல பலதுக்கும் அஞ்சுல ஒண்ணுகூட முழுசா கிடையாது.

12/
உதாரணத்துக்கு வென்டிலேட்டர்ல இருக்கிற ஆக்சிஜன் செல். நோயாளிக்குப் போற காற்றுல எவ்வளவு ஆக்சிஜன் இருக்குன்னு அளக்கிற சின்ன டப்பி. பல மெஷின்ல இது பேட்டரி மாதிரி வேதிவினையில வேலை செய்யுது. ஆக்சிஜன் பட்டுப் பட்டே உள்ளே இருக்கிறது தீர்ந்துடும். ஒண்ணு ரெண்டு வருஷத்துல மாத்தியே ஆகணும். அது பழுது இல்ல, அதோட ஆயுளே அவ்வளவுதான்.

13/
அந்த டப்பி வராத வரைக்கும் அலாரம் அடிச்சுட்டே இருக்கும், காட்டுற அளவை நம்பவும் முடியாது. பல லட்ச ரூபாய் மெஷின், அதோட விலையில ரொம்பச் சின்னப் பங்கு இருக்கிற ஒரு பாகத்துக்காகக் காத்து நிக்கும்.

14/
இன்னொண்ணு, விரல்ல மாட்டுற ஆக்சிஜன் ப்ரோப். எல்லாத்துக்கும் உள்ள இருக்கிற தத்துவம் ஒண்ணுதான்: சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி, அதை வாங்கிக்கிற ஒரு சென்சார். ஆனா முனையில இருக்கிற பின் கம்பெனிக்குக் கம்பெனி வேற. உங்க பழைய போன் சார்ஜர் கதைதான். போனுக்கு ஒரே சார்ஜர் வேணும்னு உலகமே பேசிச்சு. இதைப் பத்தி யாரும் பேசல.

15/
வார்மர்ல குழந்தையோட வயித்துல ஒட்டுற வெப்ப ப்ரோப் போயிடுச்சுன்னு வைங்க. அந்த ப்ரோப் சொல்ற வெப்பத்தை வெச்சுதான் மெஷின் சூட்டைக் கூட்டும், குறைக்கும். அது இல்லன்னா நர்ஸ் அக்கா பக்கத்துலயே நின்னு கையால சூட்டை மாத்தி, தெர்மாமீட்டர் வெச்சு வெச்சுப் பார்க்கணும். அதே நர்ஸுக்கு அந்த வார்டுல இன்னும் எத்தனை குழந்தைன்னு நினைச்சுப் பாருங்க.

16/
“இது ஏதோ ஒரு ஆஸ்பத்திரி கதை”ன்னு நினைக்காதீங்க. பெர்ரி, மால்கின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. வசதி குறைஞ்ச நாடுகளோட மருத்துவமனைகள்ல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளோட கணக்கு அது. அதுல சுமார் 38 சதவீதம் ஓடாம கிடந்துச்சு.

17/
நம்ம நாட்டுலயும் தேசிய சுகாதார இயக்கம் மாநில வாரியா கணக்கெடுத்தப்ப, 13 முதல் 34 சதவீதம் வரை கருவிகள் வேலை செய்யலன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் 2015-ல் உயிர்மருத்துவக் கருவிகள் பராமரிப்புத் திட்டம் வந்துச்சு. கருவிகள் மாவட்ட மருத்துவமனையில 95, வட்டார அளவுல 90, ஆரம்ப சுகாதார நிலையத்துல 80 சதவீத நேரம் ஓடணும்னு இலக்கு வெச்சாங்க. தமிழ்நாட்டுல மருத்துவப் பணிகள் கழகம் இருக்கு, உயிர்மருத்துவப் பொறியாளர்கள் இருக்காங்க. அவங்க உழைப்பை நான் குறைச்சுச் சொல்லல.

18/
ஆனா பொறியாளர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும், சர்வீஸ் புத்தகம் இல்லாம, சர்வீஸ் பாஸ்வேர்டு இல்லாம, பாகம் விக்க மாட்டேன்னு சொல்ற கம்பெனிகிட்ட என்ன பண்ணுவார்? “எங்க ஆள் வந்துதான் பார்க்கணும்.” அந்த ஆள் பெருநகரத்துல இருக்கார். மெஷின் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில இருக்கு.

19/
அதே மால்கின், கீன்ங்கிறவரோட சேர்ந்து 2010-ல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார். 11 நாடுகள்ல 60 மருத்துவமனை, ரெண்டாயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட ஓடாத கருவிகள். அதுல சுமார் 66 சதவீதத்தை அடிப்படைத் திறமைகளை வெச்சே திரும்ப ஓட வெச்சிருக்கலாம்னு கண்டுபிடிச்சாங்க. வெளிநாட்டுப் பாகத்துக்குக் காத்திருக்கவே தேவையில்லாத பழுதுகள்.

20/
ஏன்னா கம்பெனி பேரு பெட்டிக்கு மேலதான் இருக்கு. உள்ளே இருக்கிற மோட்டாரைக் கழட்டினா 6203 பேரிங் இருக்கலாம். 17 மில்லிமீட்டர் துளை, 40 மில்லிமீட்டர் வெளி விட்டம். உங்க ஊர் பேரிங் கடையில நம்பர் சொன்னாலே எடுத்துக் கொடுப்பாங்க. ஆனா அதுக்கு உள்ளே இருக்கிறது 6203-ன்னு யாராவது எழுதி வெச்சிருக்கணும். மோட்டார்ஹோம்காரங்க எழுதி வெச்சாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

21/
இப்ப ஒரு நியாயமான கேள்வி வரும். “டாக்டர், வண்டி நடுவழியில நின்னா இழுத்துட்டுப் போகலாம். வென்டிலேட்டர் நின்னா? கண்டவங்க கை வைக்கலாமா?”

கூடாது. நான் அதைச் சொல்லவே இல்ல. யூடியூப் பார்த்து யாரும் உயிர்காக்கும் மெஷினைத் திறக்கக் கூடாது. அளவு ஒத்துப்போற எல்லாமே மாற்றுப் பாகம் ஆகிடாது. பேட்டரியோட ரகம் மாறினா சார்ஜர் அதைக் கெடுக்கும். ரப்பர் வளையம் சாதா ரப்பரா இருந்தா ஆக்சிஜன் பாதையில அது தீப்பிடிக்கிற ஆபத்து.

22/
நான் கேக்கிறது படிச்ச, பயிற்சி எடுத்த உயிர்மருத்துவப் பொறியாளருக்குப் புத்தகமும் பாகமும். “வெளியாள் ரிப்பேர் பண்ணினா ஆபத்து”ங்கிற வாதத்தை அமெரிக்க எஃப்டிஏ ஆராய்ஞ்சு 2018-ல் அறிக்கை கொடுத்துச்சு. பரவலான ஆபத்து இருக்குன்னு முடிவுக்கு வரப் போதுமான ஆதாரம் இல்லன்னு அதுல சொன்னாங்க. வெளி நிறுவனங்கள் பலதும் தரமான, பாதுகாப்பான சேவை தர்றதாவும் சொன்னாங்க.

23/
ஓடாத மெஷினும் ஆபத்துதானே? அதை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. ரிப்பேர் தப்பா நடந்தா அது ஒரு விபத்து, விசாரணை நடக்கும். மெஷினே இல்லாம நோயாளியை ராத்திரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா, அது ‘ரெஃபரல்’னு ஒரு வரி. வழியில என்ன ஆனாலும் பாகம் தராத கம்பெனி பேரு எந்தக் காகிதத்துலயும் வராது.

24/
கொரோனா நேரத்துல இது அப்பட்டமாத் தெரிஞ்சுது. 2020 மார்ச்சுல வட இத்தாலியில பிரெஷ்யா பக்கம் ஒரு மருத்துவமனையில சுவாசக் கருவிக்கான வெஞ்சுரி வால்வு தீர்ந்துபோச்சு. அனுப்புறவங்களால நேரத்துக்குத் தர முடியல. உள்ளூர்ல ஒரு சின்ன நிறுவனம் முப்பரிமாண அச்சு இயந்திரத்தைத் தூக்கிட்டு வந்து, பாகத்தை அளந்து, செஞ்சு கொடுத்துச்சு. அது நோயாளிகளுக்குப் பயன்பட்டுச்சு.

25/
அதே வருஷம் மே மாசம் ஐஃபிக்ஸிட்ங்கிற அமைப்பு ஆயிரக்கணக்கான மருத்துவக் கருவி சர்வீஸ் புத்தகங்களைத் திரட்டி யாரும் இலவசமாப் படிக்கிற மாதிரி போட்டுச்சு. உலகமே மூச்சு திணறின நேரத்துல பொறியாளர்கள் புத்தகத்தைத் தேடி அலைஞ்சாங்கன்னா, நிலைமை எப்படின்னு புரிஞ்சுக்கோங்க.

26/
சட்டம் என்ன சொல்லுது? வண்டிகள்ல உலகம் கொஞ்சம் முன்னாடி போயிடுச்சு. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லயே கார் ரிப்பேர் உரிமையைச் சட்டமாக்குச்சு. இந்தியாவுல 2014-ல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கும் மேல அபராதம் போட்டுச்சு. காரணம், உதிரி பாகத்தையும் பழுது கண்டுபிடிக்கிற கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாம பண்ணினது. அப்புறம் மேல்முறையீடுன்னு போனது வேற கதை. ஆனா கொள்கை தெளிவு.

27/
2022-ல் அமெரிக்காவோட கொலராடோ மாநிலம் மோட்டார் சக்கர நாற்காலிக்கு ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்டுச்சு. நாற்காலி ரிப்பேருக்குப் போனா அந்த மனுஷன் படுக்கையை விட்டு எழ முடியாது, வாரக்கணக்குல காத்திருக்கணும்னு மாற்றுத்திறனாளிகளே போராடி வாங்கினது.

28/
அதே 2022 டிசம்பர்ல நம்ம ஒன்றிய அரசும் ரிப்பேர் உரிமைக்கு ஒரு இணையதளம் தொடங்குச்சு. நல்ல விஷயம். அதுல எடுத்துக்கிட்ட துறைகள் நாலு: விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். மிக்ஸிக்கு இடம் இருக்கு. வென்டிலேட்டருக்கு இல்ல.

29/
என் கருத்து இதுதான். அரசு வாங்குற ஒவ்வொரு மருத்துவக் கருவியோட டெண்டர்லயும் நாலு நிபந்தனை கட்டாயம் ஆகணும்.
அ) குறைஞ்சது பத்து வருஷம் பாகம் தரணும்.
ஆ) ஒவ்வொரு பாகத்தோட எண்ணும் விலையும் ஒப்பந்தத்துலயே இருக்கணும்.
இ) சர்வீஸ் புத்தகமும் பாஸ்வேர்டும் ஆஸ்பத்திரிப் பொறியாளர் கைக்கு வரணும்.
ஈ) தயாரிப்பை நிறுத்தினா, பாகத்தோட வரைபடத்தை அரசுகிட்ட ஒப்படைக்கணும்.

30/
“இப்படிக் கேட்டா கம்பெனிங்க டெண்டருக்கே வர மாட்டாங்க, விலையை ஏத்துவாங்க”ன்னு சொல்வாங்க. முதல் விலை கொஞ்சம் ஏறலாம். ஆனா மெஷினோட உண்மையான விலை பில்லுல இருக்கிறது இல்ல, அது எத்தனை நாள் ஓடுச்சுன்னு வகுத்துப் பார்த்தா வர்றதுதான். மூணு வருஷம் ஓடி நின்ன மலிவு மெஷின்தான் உண்மையில விலை அதிகமான மெஷின். ஒரு மாநிலமே சேர்ந்து வாங்கும்போது நிபந்தனை போடற பலம் நம்மகிட்ட இருக்கு.

31/
எல்லாப் பழசையும் கட்டி அழச் சொல்லல. காலம் முடிஞ்ச மெஷினை முறையா கழிச்சு ஓரம் கட்டணும். ஆனா கழிக்கிறதுக்கு முன்னாடி, அதுல நல்லா இருக்கிற பாகத்தைப் பொறியாளர் சோதிச்சு எடுத்து, பட்டியல் போட்டு, பக்கத்து மாவட்டத்துல அதே மாடல் ஓடுற இடத்துக்குக் கொடுக்க விதிமுறை வேணும். ஒரு கூட்டம் தனிமனுஷங்க 13,000 வண்டிக்குச் செஞ்சதை ஒரு அரசால செய்ய முடியாதா?

32/
“இதுல எனக்கு என்ன வேலை?”ன்னு கேக்கறீங்களா? இருக்கு. உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு மெஷின் தானம் கொடுக்கிற முன்னாள் மாணவர் சங்கம், கோயில் கமிட்டி, கம்பெனி, வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க, எல்லாருக்கும் சொல்றேன். 2021-ல் எத்தனையோ பேர் மனசார ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் கொடுத்தீங்க. அதுக்குள்ள இருக்கிற ஜியோலைட்ங்கிற பொருள் ஈரத்தை உறிஞ்சும். ஓடாம கிடந்தா அதோட திறன் குறையும். மாத்த அந்த மாடலுக்கான பாகம் வேணும்.

33/
அதனால தானம் கொடுக்கறதுக்கு முன்னாடி இந்த அஞ்சைக் கேளுங்க: இதே மாடல் இந்த ஆஸ்பத்திரியில ஏற்கெனவே இருக்கா? தேயுற பாகங்கள் எவை, விலை என்ன? அதை யார் விக்கிறாங்க? சர்வீஸ் புத்தகம் தருவீங்களா? வாரன்ட்டி முடிஞ்ச பிறகு யார் பார்ப்பாங்க? பத்து லட்சம் இருந்தா எட்டு லட்சத்துக்கு மெஷின், ரெண்டு லட்சத்துக்குப் பாகம்னு கொடுங்க. போட்டோவுல பாகம் அழகா இருக்காது. ஆனா அதுதான் மெஷினை ஓட வைக்கும்.

34/
வீட்டுல அப்பா அம்மாவுக்குத் தூக்கத்துக்கான பைபேப், சீபேப் மெஷின், கான்சன்ட்ரேட்டர் வாங்குறவங்களும் இதே கேள்வியைக் கேளுங்க. ஃபில்டர், மாஸ்க், ட்யூப் அடுத்த வருஷம் உங்க மாவட்டத்துலயே கிடைக்குமா? “ஆன்லைன்ல வரும் சார்”ங்கிற பதிலுக்குப் பணம் கொடுக்காதீங்க. மாடல் எண்ணையும் பாக எண்ணையும் ஒரு பேப்பர்ல எழுதி மெஷின்லயே ஒட்டி வைங்க.

35/
உங்க ஊர் அரசு மருத்துவமனையில எத்தனை கருவி ஓடல, எந்தப் பாகத்துக்காக, எத்தனை நாளா? கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. வார்டுல இருக்கிற நர்ஸ்கிட்டயோ டாக்டர்கிட்டயோ சண்டை போடாதீங்க, அவங்களும் அதே பாகத்துக்காகத்தான் காத்திருக்காங்க. எம்எல்ஏகிட்ட கேளுங்க, மனு கொடுங்க. “புது மெஷின் வேணும்”னு மட்டும் கேக்காம, “இருக்கிற மெஷினுக்குப் பாகம் எப்ப வரும்?”னு கேளுங்க.

36/
புது மெஷின் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட ஆள் வருவாங்க. பேரிங் மாத்தினதுக்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டாங்க. அந்த வேலையைச் செய்யுற உயிர்மருத்துவப் பொறியாளர் உங்க தெருவுல யாராவது இருந்தா இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க. அவங்ககிட்ட இன்னும் நிறைய விஷயம் இருக்கும். கமென்ட்ல எழுதச் சொல்லுங்க, நான் படிக்கிறேன்.